ஒளியும் ஒலியும்

ஒளி, ஒலி என்னும் இரு சொற்களையும் பிரித்து நிற்பது ஓரெழுத்தே. இயற்கையிலும் அவை நெருங்கிய உறவினவே. விட்டுவிட்டுப் பாயும் ஒளி பட்ட பொருள் ஒலிப்பதை 1880இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் கண்டறிந்தார்.

இருதய நோய் தீர்க்க இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தும் வைத்தியர், அதன் நுனியை இன்றும் பெரும்பாலும் எக்ஸ் கதிராலேயே காண்கின்றனர். நோயாளி அக்கதிரை ஓரிரு முறையே ஏற்கிறார். வைத்தியரும் தாதியரும் பணிபுரியும் நாளெல்லாம் ஈயக் கவசம் சுமந்து அதனருகே நிற்கின்றனர்.

குழலினுள் நுண்ணிய கண்ணாடி இழை வைத்து, லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பினால், நுனியில் அதனை ஏற்ற பொருள் கணப்பொழுதில் வெம்மையுற்று விரிந்து, செவிக்கெட்டா ஒலியை எழுப்பும். உடலின்மேல் வைத்த கருவி அதனைக் கேட்டு இடங்காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் இம்முறையால் பன்றிகளின் இருதயத்திற்குக் குழல் செலுத்தி, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் கரையில் நின்று கலத்திற்கு வழிகாட்டும். இங்கோ கலமே விளக்கேந்திச் செல்ல, கரையிலுள்ளார் செவியால் அறிகின்றனர்.

எலும்பும் நுரையீரற் காற்றும் ஒலியைத் தடுக்குமே என்பர் சிலர். உண்மையே, ஆதலின் எக்ஸ் கதிரை முற்றும் விலக்குக என்பது எம் கருத்தன்று, இயன்ற அளவு குறைக்க என்பதே. ஒளி புகாத உருகிய சோடியத்தினுள் இருப்பதை ஒலியால் காணும் கருவியைக் கல்பாக்கத்து அறிஞர் இயற்றியுள்ளனர். அக்கலை வல்லாரும் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியாரும் ஒருங்கே ஆராய்வராயின், இக்கருவி கடல் கடந்து வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. பிறர் நோய் தீர்ப்பாரின் உடல்நலம் பேணுதல் நம் கடனன்றோ?