தாழிக்குள் ரெண்டு கிலோ நெல்

தஞ்சாவூர்க்காரனுக்கு நெல் விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு. எனக்கும்தான். அதை அடக்க வந்தது பழனி பக்கத்துப் பொருந்தல். 2009-10ல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே ஒரு ஈமக்குழியைத் தோண்ட, நான்கு கால் ஜாடி ஒன்றில் சுமார் 2 கிலோ நெல்! அமெரிக்க ஆய்வகம் சொன்ன காலம் கி.மு. 490. கூடவே 'வயிர' என்று தமிழ்-பிராமியில் எழுதிய ஒரு பிரிமணை. 2021-ல் அடுத்த அடி. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்றார்கள். இரண்டுமே காவிரியைக் கண்ணால் பார்க்காத ஊர்கள் ஸார்!

செத்தவருக்கு 2 கிலோ நெல். நாம் வாய்க்கரிசியோடு முடித்துக்கொள்கிறோம். (அந்த நெல்லை இன்றைக்குக் கொள்முதலுக்குக் கொண்டுபோனால், 'ஈரப்பதம் பதினேழுக்கு மேலே' என்று திருப்பி அனுப்ப ஆள் இருக்கிறது.)

புதுக்கோட்டை, சித்தன்னவாசல் பக்கம் போனால் ஈமச்சின்னங்களைச் சுற்றிக் கல்வட்டம் பார்க்கலாம். டெல்டாவில் கல்லுக்கு எங்கே போவது? தோண்டத் தோண்ட வண்டல். அம்மிக்கல்லே வெளியூர்ச் சரக்கு. அதனால் இங்கே தாழிதான். வயசாகிச் சுருங்கிப்போன கிழங்களை உயிரோடு தாழியில் உட்காரவைத்து, சாப்பாடும் வைத்துப் புதைத்தார்கள் என்று என் பாட்டி சொல்வாள். கதை ஜோர். ஆனால் பல தாழிகளில் இருப்பது, உடம்பு அழிந்தபிறகு பொறுக்கி வைத்த எலும்புகள்.

கல்லே இல்லாத இந்த ஊரில்தான் 2006-ல் அந்த அதிசயம். மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர், கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டினார். கிடைத்தது கற்கோடரி. அதில் நாலு குறிகள். சிந்துவெளி எழுத்து என்றார் ஐராவதம் மகாதேவன். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு சண்டை. எனக்குப் பிடித்தது அந்த வாத்தியார். துணி துவைக்கப் போடாமல், தரங்கம்பாடி அருங்காட்சியகக் காப்பாட்சியருக்குச் சொல்லி அனுப்பினார் பாருங்கள்!

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது அகப்பட்டால் கலெக்டருக்குத் தகவல் தரவேண்டும். நம்மாட்களோ தாழியைப் பார்த்ததும் கடப்பாரையால் ஒரு போடு. உள்ளே தங்கம் இல்லையென்றால், மண்ணோடு மண்ணாகக் கொட்டிவிட்டுப் போவது அந்த உமியைத்தான். உங்கள் ஊர் பொக்லைன் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.