நூற்று அறுபது என்றால் என்ன?

“எனக்கு நூத்தி அறுபதாம்ணே. போன மாசம் மச்சானுக்கு எண்பதுதான். அவனைவிட எனக்கு ரெண்டு மடங்கு டைபாய்டு!” டீக்கடையில் ஒருவர் சொன்னபோது குரலில் லேசாகப் பெருமைகூடத் தெரிந்தது. சர்க்கரை அளவு, பிரஷர் வரிசையில் விடால் டெஸ்ட் எண்ணும் இப்போது ஊர்ப்பேச்சாகிவிட்டது. காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் முதலில் எழுதப்படுவது அதுதான்.

அந்த எண்ணுக்கு டைட்டர் என்று பெயர். ரத்தத்தில் எத்தனை கிருமி இருக்கிறது என்று அது சொல்வதில்லை. காய்ச்சலின் கடுமையையும் சொல்வதில்லை. கெட்டி மோரில் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால், ஏதோ ஒரு கட்டம்வரை நாக்கில் புளிப்பு தட்டும் அல்லவா? அந்தக் கடைசிக் கட்டம்தான் டைட்டர். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 1:20, 1:40, 1:80, 1:160, 1:320 என்று இரட்டித்து நீர்க்க வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் கொன்று பதப்படுத்திய டைபாய்டு கிருமிக் கரைசலைச் சேர்க்கிறார்கள். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். எந்த நீர்ப்பு வரைக்கும் திரள்கிறதோ அதுவே ரிப்போர்ட்டில் வரும் எண். பாரிஸ் மருத்துவர் பெர்னான் விடால் 1896-இல் இதை நோயறியும் சோதனையாக்கினார்.

ஆக, 80-க்கும் 160-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு படி. ஒரே ரத்தத்தை இரண்டு முறை சோதித்தாலும் ஒரு படி முன்னே பின்னே வரலாம். அதனால்தான், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து, டைட்டர் நான்கு மடங்கு, அதாவது இரண்டு படி, ஏறியிருந்தால்தான் நம்பலாம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. மச்சானின் எண்பதும் இவருடைய நூற்று அறுபதும் சண்டைக்கு நிற்க வேண்டியதே இல்லை.

சிறிய லேப்களில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே பெரும்பாலும் நடப்பது ஸ்லைடு முறை. வட்டம் வட்டமாகக் கோடிட்ட கண்ணாடியில் 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர் என்று சீரத்தைக் குறைத்துக்கொண்டே வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் சாயமேற்றிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி, ஒரு நிமிடம் கண்ணாடியை ஆட்டிப் பார்த்தால் ரவை ரவையாகத் திரள்வது தெரியும். 10 மைக்ரோலிட்டரில் திரண்டால் 1:160 என்று எழுதுவார்கள். உண்மையில் அங்கே எதையும் 160 மடங்கு நீர்க்க வைக்கவில்லை. அதற்குச் சமம் என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். வரிசையாகச் சோதனைக்குழாய் வைத்து, இரவெல்லாம் சூட்டில் விட்டுப் பார்ப்பதே முறையான டைட்டர். வேலை அதிகம் என்பதால் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

இதையெல்லாம் தாண்டி, நம் ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பில் பழைய எதிர்ப்பொருள் கொஞ்சம் தங்கியே இருக்கும். தடுப்பூசி போட்டவருக்கும் இருக்கும். மலேரியா போன்ற வேறு காய்ச்சலில்கூட அது தலைதூக்கலாம். மறுபக்கம், டைபாய்டே வந்திருந்தாலும் எதிர்ப்பொருள் ஏற ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். இரண்டாம் நாள் டெஸ்ட் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியாக இருப்பதற்கும் அர்த்தமில்லை. ஒரே ஒரு விடாலை வைத்து மாத்திரை தொடங்குவது எனக்குக் குத்துமதிப்பாகத்தான் படுகிறது.

கிருமியையே பிடிக்க வேண்டுமென்றால் பிளட் கல்ச்சர்தான். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் அதில்தான் தெரியும். ஆனால் முடிவு வரச் சில நாள் ஆகும். டைபாய்டு இருந்தும் தவறவிடுவது உண்டு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை முதலிலேயே விழுங்கிவிட்டுப் போனால் இன்னும் மோசம். ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை தொடங்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். பத்து நாள் கழித்து இரண்டாவது விடாலுக்கு வரச் சொன்னால், “காய்ச்சல்தான் விட்டுடுச்சே டாக்டர்” என்று யாரும் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.