இரத்மலானையில் இளவேனில்

அண்மையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர், என் வீட்டு விறாந்தைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தவாறே, “கொழும்பிலே இருந்துகொண்டு நீர் வசந்தத்தைப் பற்றிப் பேசுகிறீர். இங்கே உள்ளவை இரண்டே காலங்கள் அல்லவா? ஒன்று மழை பெய்யும் காலம், மற்றது மழை பெய்யப்போகும் காலம்” என்றார். சொல்லிவிட்டுத் தாமே சிரித்தும் கொண்டார்.

அவருடைய நகைச்சுவையில் உண்மை இல்லாமலில்லை. கொழும்பில் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு இரண்டு மூன்று பாகைக்கு மேற்படாது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கில வாசகங்களிலே உறைபனி உருகும், மொட்டை மரங்கள் தளிர்க்கும். அந்த வசந்தத்தை எங்கள் தெருவிலே தேடிப் பயனில்லை. தமிழ் வகுப்பிலோ, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று மனனஞ் செய்தோம். அந்தக் கணக்கும் இரத்மலானைக்கு ஒத்து வருவதன்று. இங்கே சித்திரையிலேயே பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலைக் கலக்கிக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலப் புத்தகமும் கைவிட்டது, உரையாசிரியர்களும் கைவிட்டார்கள். ஆகவே இளவேனில் என ஒன்று இங்கு இல்லவேயில்லை என்று முடிவு கட்டிவிடுதல் எளிது. வீட்டைச் சுற்றி நாலு மரம் வைத்திருப்பவனுக்கு மட்டும் அது எளிதன்று.

தை மாதம் பாதி கழிந்ததும் எங்கள் வளவிலே ஏதோ ஒன்று மாறத் தொடங்கும். முதலில் மண் மாறும். ஐப்பசி முதலாக ஈரம் உலராதிருந்த கிணற்றடிப் பாசி வெளுத்துப் பொருக்காகிக் காலில் ஒட்டும். அதிகாலையில் நிலத்துக் காற்று மெல்லக் குளிர்ந்து வீசும். அடுத்த வளவு வேலியில் நிற்கும் முள்முருக்கு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, இரண்டு கிழமை வெறுங்கிளையாக நிற்கும். பின்னர் ஒருநாட் காலையில் நுனிதோறும் சிவப்பு. யாழ்ப்பாணத்தில் இம்மரத்தைக் கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடுபவர்கள் அறிவார்கள். இங்கே என் அயலவராகிய சிங்களப் பெண்மணி இதனை ‘எரபது’ என்பார். அது பூத்துவிட்டால் புதுவருடத்துக்குப் பலகாரம் சுட எண்ணெய் வாங்கவேண்டுமே என்று கவலைப்படத் தொடங்குவார். ஐப்பசியிலிருந்து எங்கள் வாழைப் புதரின் நிழலில் குப்பை கிளறித் திரிந்த ஆறுமணிக்குருவி, பங்குனி முடிவில் சொல்லாமற் கொள்ளாமற் போய்விடும். இமயமலை அடிவாரம் வரை போய்க் கூடு கட்டும் பறவை அது. ஒரு மாலை ஆறு மணிக்கு அதன் குரல் கேட்கவில்லையென்றால், அதுவும் இளவேனிலின் ஓர் அறிகுறியென்றே நான் கொள்கிறேன்.

பிறகு குயில். அது வேறெங்கோ இருந்து வருவதன்று; ஆண்டு முழுவதும் இங்கேயே வாய்மூடிக்கொண்டிருப்பது. தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இட்டுவிட்டுப் பிள்ளை வளர்க்கும் தொல்லையின்றிப் பாட மட்டும் தெரிந்த பிராணி. (கொழும்பு மாநகரில் காக்கைக்குப் பஞ்சமில்லையாதலால் குயிலுக்கும் பஞ்சமில்லை.) இதன் குரலைச் சிங்கள அயலார் ‘கொஹா’ என்று பெயரிட்டுப் புத்தாண்டின் தூதாகக் கொள்வர், நாம் மாந்தோப்பின் பறவையாகக் கொள்வோம். மாணிக்கவாசகர் தம் இறைவனை வரக் கூவும்படி வேண்டியது இப்பறவையைத்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த ‘கோகில சந்தேசய’ என்னும் சிங்களத் தூது நூலும் இதே குயிலைத்தான் தெவிநுவரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகின்றது. அங்கே கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவுக்காக யாழ்ப்பாண அரசை வென்று வீற்றிருந்த சபுமால் குமாரனுக்கு, நம்மவர் செண்பகப் பெருமாள் என்று அழைக்கும் அவனுக்கு, அது செய்தி கொண்டு போகிறது. வென்றவர் பாடிய நூல்; ஆகையால் நாம் அதனை அவ்வளவாக விரும்பிப் படிப்பதில்லை. ஆயினும் தென்கரையிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே பறந்த அந்தக் கற்பனைப் பறவையின் பாதை எங்கள் ஊர்ப் பக்கமாகவே சென்றிருக்கவேண்டும் என்பதை எண்ணும்போது, எங்கள் வேப்பமரத்தில் மறைந்திருந்து கூவுவது எந்த மொழியில் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இனி மாமரத்துக்கு வருகிறேன். நண்பருக்கு நான் காட்ட விரும்பியதும் அதனைத்தான்.

என் தந்தையார் அரசாங்க எழுதுவினைஞர். 1957இல், அதற்கு முந்திய ஆண்டில் ஓடத் தொடங்கியிருந்த யாழ்தேவியில், சாக்கிலே சுற்றிய கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஊரிலை அவ்வளவு வளவு கிடக்க, இந்த உத்தியோக ஊரிலையோ மரம் வைக்கிறாய்?” என்று கேட்டாராம். அக்காலத்துக் கொழும்புத் தமிழர் பெரும்பாலோரின் எண்ணம் அதுதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடு எடுப்பது சம்பளத்துக்காக. மரம் நடுவது ஊரில். இளைப்பாறியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய், ஊரில் காய்க்கும் மரத்தடியில் இருக்கவேண்டும். அப்படி எண்ணியவர் கண்ணுக்குக் கொழும்பின் இளவேனில் எவ்வாறு தெரியும்? புகையிரத நிலையத்தில் காத்திருப்பவன் அங்குள்ள பூஞ்செடியை எவ்வளவு பார்ப்பானோ அவ்வளவே.

பெரியப்பாவின் கேள்விக்குக் காலம் கொடுத்த விடைகளும் அவர் பக்கமே சாய்ந்தன. 1958இல் சில கிழமைகள் வீட்டை விட்டிருந்தோம். 1983 யூலையில் வீடு எரிந்தது. இரத்மலானை விமான நிலையத்தில், விமானங்கள் நிற்கும் கொட்டகையிலே சீமெந்துத் தரையில் படுத்திருந்து, பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்களில் நாங்களும் சேர்ந்திருந்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, காணியை விற்றுவிடலாம் என்னும் எண்ணத்தோடு தந்தையாரும் நானும் வந்து பார்த்தபோது கூரை இல்லை, கதவுகள் இல்லை. வீட்டுப் பக்கமாக இருந்த மாமரத்தின் பாதி கருகிக் கட்டையாய் நின்றது. மதிற்பக்கத்துப் பாதியில் மட்டும் செம்புநிறத் தளிர். தந்தையார் அதன் கீழே நெடுநேரம் நின்றார்; ஒன்றும் பேசவில்லை. தரகரிடம் போகாமலே திரும்பினோம்.

இவ்வளவு கதையையும் கேட்டபின், “அப்படியானால் மரம் நன்றாகக் காய்க்கிறதோ?” என்றார் நண்பர். இல்லை என்பதுதான் உண்மை. பெயரிலே கொழும்பு இருந்தும் கறுத்தக்கொழும்பான் கொழும்பை விரும்புவதில்லை. மாமரம் தளிர்ப்பதை நிறுத்திப் பூவெடுப்பதற்கு இரண்டு மாதமாவது உலர்ந்திருக்கவேண்டும். வடக்கிலே மார்கழி மழை ஓய்ந்தபின் வானம் அந்த ஓய்வைக் கொடுக்கிறது. இங்கே தை மாசியில் கிடைப்பது அரைகுறை ஓய்வு. மரம் அதை நம்பிப் பூக்கும்; தேன் மணம் தெருவரை போகும்; ஒருநாள் பருவந் தப்பி ஒரு மழை பெய்யும்; ஈரத்தில் பங்கசு பற்றிப் பூங்கொத்துக் கருகிவிடும். குறுந்தொகையிலே, காலமல்லாக் காலத்து மழையைக் காரென்று எண்ணி மலர்ந்துவிட்ட கொன்றையைத் தோழி ஒருத்தி பேதை என்கிறாள். எங்கள் மாமரத்தை அவள் பார்த்திருந்தால் என்ன சொல்வாளோ! உலர்ந்த நாலு கிழமையைக் கண்டு ஆண்டுதோறும் ஏமாறுகிற மரம் இது.

ஏமாறுவதில் தவறில்லை என்பதே என் கட்சி. ஏமாறாமலிருப்பதற்கு இன்று எங்கள் தெருவிலே கண்டுபிடித்திருக்கும் வழி, மரத்தையே தறித்துவிடுவதுதான். பேர்ச் கணக்கில் விலை போகும் காணியிலே மரம் நிற்கும் இடம் வீண் இடமாம். வேர் மதிலைப் பிளக்கிறது. இலை பீலியை அடைக்கிறது. ஆகவே முற்றத்துக்குச் சீமெந்து, அதன்மேல் ஓடு, வாசலில் சட்டியில் ஒரு குரோட்டன். வெள்ளவத்தையில் தொடர்மாடிகளாகிவிட்ட வளவுகளைப் பற்றிக் குறைகூறிப் பயனில்லை. இருக்க இடம் வேண்டியவர்களுக்கு அவை இடம் தருகின்றன. நான் சொல்வது, இன்னும் நிலம் வைத்திருந்தும் மண்ணை மூடுகிறவர்களை. சித்திரை வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைக்கும்போது தலைக்கு ஓர் இலையும் காலுக்கு ஓர் இலையும் பஞ்சாங்கம் குறிக்கிறதே, அந்த இலைகளுக்குக்கூட நம் வீட்டுப் பிள்ளைகள் கோயில் வாசலில் பொட்டலத்துக்காகக் காத்து நிற்கிறார்கள். எந்த இலை எந்த மரத்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். போய்விடக்கூடும் என்னும் அச்சத்தால் எங்கள் பெரியோர் மரம் நடவில்லை. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. இருந்துவிட்ட நாமும் நடாதிருப்பதற்கு என்ன காரணம் சொல்லப்போகிறோம்?

நண்பர் போகும்போது மாமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “பூ நன்றாகத்தான் இருக்கிறது” என்று மாத்திரம் சொன்னார். ஊர்க்காரர் வாயிலிருந்து கொழும்பு மரத்துக்கு அவ்வளவு கிடைத்ததே பெரிது. மதிலுக்கு மேலாகச் சாய்ந்த கிளையின் பூவெல்லாம் அயலவர் முற்றத்திலேயே கொட்டுகிறது. கூட்டி முடியவில்லை என்று நாள்தோறும் காலையில் முறைப்படுகிறார். ஆனால் கிளையை வெட்டவேண்டாம் என்றும் அவரே சொல்கிறார்.

நேற்றுக் காலை எண்ணிப் பார்த்தேன். பதினொரு பிஞ்சு நிற்கிறது. இன்று பிற்பகல் கடற்பக்கம் இருண்டுகொண்டு வருகிறது.