சின்ன ஷெட்டில் கம்ப்யூட்டர் நின்றால் பெரிய கம்பெனியில் லைன் நிற்கும்!



உக்ரைன்ல போர். மேற்காசியாவுல போர். 2025 மே மாதம் நம்ம நாட்டுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல். டி.வி.யில ஏவுகணையும் ட்ரோனும் காட்டுவாங்க. "இதுக்கும் ஓசூர் சிப்காட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2017 ஜூன் 27. உக்ரைன் கம்பெனிகள் வரிக்கணக்குக்குப் பயன்படுத்திய ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' என்ற வைரஸை அனுப்பினார்கள். இதைச் செய்தது ரஷ்ய ராணுவம்தான் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2018-ல் குற்றம்சாட்டின. குறி வைத்தது உக்ரைனுக்கு. ஆனால் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி முடங்கியது. அதனால் நம்ம மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு டெர்மினலே நின்றது. சண்டை எங்கேயோ, கன்டெய்னர் தேங்கியது இங்கே.

அடுத்தது 2022. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஜப்பானில் டொயோட்டாவுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் சப்ளை செய்யும் கோஜிமா என்ற கம்பெனியின் சர்வரை ரான்சம்வேர் பூட்டிவிட்டது. மார்ச் 1 அன்று டொயோட்டாவின் 14 ஆலைகளில் 28 லைன்கள் நின்றன. சுமார் 13,000 வண்டி உற்பத்தி போச்சு. "ரஷ்யாவா?" என்று உலகமே கேட்டது. விசாரித்தபோது தெரிந்தது என்ன? கோஜிமாவின் ஒரு துணை நிறுவனம் வைத்திருந்த ரிமோட் கனெக்‌ஷன் கருவியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள்.

இதை அப்படியே நம்ம ஊரில் பொருத்திப் பாருங்க. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், ஏத்தர், டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா. இந்தப் பெயர்களுக்குப் பின்னால் சிப்காட்டிலும் சிட்கோவிலும் எத்தனை ஜாப் ஒர்க் ஷெட்கள்! அங்கே சி.என்.சி. மெஷினோடு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று ஓடும். சர்வீஸ் இன்ஜினியர் பெங்களூரில் உட்கார்ந்து எனிடெஸ்க் வழியாக மெஷினைச் சரி பண்ணுவார். வேலை முடிந்த பிறகு அந்தக் கதவை யாரும் சாத்துவதில்லை. கோஜிமாவில் நடந்ததும் இதே மாதிரிதான்.

"கணக்கு கம்ப்யூட்டர் போனா போகட்டும், மெஷின் ஓடும்ல?" என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில். ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் மெஷின்களைக் கெடுத்த ஸ்டக்ஸ்நெட் 2010-ல் வெளியே தெரிய வந்தது. அது குறி வைத்தது பி.எல்.சி. கன்ட்ரோலரை. நம்ம பேக்டரி லைன்களை ஓட்டுவதும் பி.எல்.சி.தான். இன்டர்நெட்டே இல்லாத இடத்துக்கும் பென் டிரைவ் மூலம் வைரஸ் போகும் என்று அன்றைக்கே நிரூபணம் ஆகிவிட்டது.

லைன் நின்றால் யாருக்கு அடி? 2025 செப்டம்பரில் டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் சைபர் தாக்குதலால் சுமார் ஐந்து வாரம் உற்பத்தியை நிறுத்தியது. பிரிட்டன் பொருளாதாரத்துக்கு 190 கோடி பவுண்ட் இழப்பு, 5,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பாதிப்பு என்று அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. பெரிய கம்பெனிக்கு 150 கோடி பவுண்ட் கடனுக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. நம்ம ஊரில் ஐந்து வாரம் ஷிப்ட் இல்லை என்றால் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? ரூம் வாடகையை யார் கட்டுவார்கள்? அதனால்தான் இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் மட்டும் பேசும் விஷயம் இல்லை, கூலிப் பிரச்சினை.

அரசுகள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த விஷயம். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி வந்தபோது, அக்டோபர் 29 அன்று 'பொய்ச் செய்தி' என்றார்கள். மறுநாளே 'உண்மைதான், நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் இருந்தது, ரியாக்டர் நெட்வொர்க் தனி' என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் தகவல் கொடுத்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மறைத்தால் நம்பிக்கை போகும். அடுத்தவன் பாடம் கற்கும் வாய்ப்பும் போகும்.

நாம் கேட்பது நியாயமான கோரிக்கைகள்தான்:

1. ஓசூரிலேயே சிறு தொழில்களுக்கு ஒரு சைபர் உதவி மையம். தாக்குதல் நடந்தால் நேரில் வந்து பார்க்கும் ஆட்களோடு.

2. பேக்கப், பாதுகாப்பு சாஃப்ட்வேர், ஆடிட் செலவுக்கு மானியம். மெஷின் வாங்க மானியம் உண்டு என்றால் அதைக் காக்கவும் வேண்டும்.

3. பெரிய கம்பெனிகள் சப்ளையருக்கு நூறு கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கக் கூடாது. செலவில் பங்கு போட வேண்டும். லைன் அவங்களோடதுதானே?

4. தாக்குதலால் ஷிப்ட் நின்றால் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் கூலி.

அரசு செய்யும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்க. ரிமோட் சாஃப்ட்வேரை வேலை முடிந்ததும் அணையுங்க. 'பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு' என்று மெயில் வந்தால், பழைய நம்பருக்கு போன் போட்டுக் கேளுங்க. பணம் போனால் உடனே 1930. சர்வர் கர்நாடகாவில், பேக்டரி தமிழ்நாட்டில் என்று குழம்ப வேண்டாம், நாடு முழுக்க அதே எண்தான். கம்பெனி நெட்வொர்க்கில் தாக்குதல் என்றால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், 2022 முதல் அது சட்டப்படி கடமை.

கடைசியா நமக்கு, அதாவது ஆன்லைனில் கட்சி வேலை பார்க்கும் நமக்கு. 2025 மே மாதம் 'ஏ.டி.எம். எல்லாம் மூடப் போறாங்க' என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுற்றியது. மத்திய அரசின் பி.ஐ.பி. அதைப் பொய் என்று அறிவிப்பதற்குள் எத்தனை குரூப்புக்குப் போயிருக்கும்? எதிரி ஒரு வைரஸ்கூட அனுப்பாமல் நாமே பீதியைப் பரப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எதிர்க்கட்சிக்காரனை மடக்கணும் என்ற வேகத்தில்கூட, உறுதி செய்யாத போர்ச் செய்தியை நம்ம ஆட்கள் யாரும் பகிரக் கூடாது.

ஷெட் வைத்திருக்கும் உங்கள் மாமா, சித்தப்பா, நண்பர் யாராக இருந்தாலும் அவருக்கு இதை அனுப்புங்க. அனுப்பிவிட்டு, "பேக்கப் எடுத்தீங்களா?" என்று ஒரு போனும் போடுங்க.

#ஓசூர் #கிருஷ்ணகிரி #சைபர்பாதுகாப்பு