காருக்கு நுரைக் குளியல்!

பெங்களூர் நகரில் 22 குடும்பங்கள் அபராதம் கட்டின. குடும்பத்துக்கு ரூ.5 ஆயிரம். மொத்தம் ரூ.1 லட்சத்து 10 ஆயிரம்.

அவர்கள் திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை. குடிதண்ணீரை எடுத்துக் கார் கழுவினார்கள், செடிக்கு ஊற்றினார்கள். அதுதான் குற்றம்!

இது நடந்தது 2024-ம் ஆண்டு மார்ச் மாதம். மூன்றே நாளில் இந்த 22 குடும்பங்களும் சிக்கின. 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதே உத்தரவை அதிகாரிகள் மீண்டும் போட்டார்கள்.

தண்ணீருக்கு இப்படிக் காவல் போடும் காலத்தில்தான், வீட்டு வாசலில் கார் கழுவுவதில் ஒரு புதுமை பரவி வருகிறது. அதற்குப் பெயர் "ஸ்னோ ஃபோம்". தமிழில் பனிநுரை என்று சொல்லலாம். காரின் மேல் நுரையைப் பீய்ச்சி அடிப்பார்கள். கூரை, கண்ணாடி, கதவு எல்லாம் வெள்ளை வெளேர் என்று மூடிவிடும். "அப்பா! நம் காரில் பனி பெய்கிறது!" என்று குழந்தைகள் கை தட்டுவார்கள்.

இது வெறும் வேடிக்கையா? அல்லது பயன் உண்டா? இதற்குத் தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்? அந்தத் தண்ணீரும் நுரையும் எங்கே போகின்றன?

கீறல் விழுவது எப்படி?

காரின் நிறத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. அதற்குக் "கிளியர் கோட்" என்று பெயர். அதுதான் காருக்குப் பளபளப்பைக் கொடுக்கிறது. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லி மீட்டர். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகைத் தாளைவிட அது மெல்லியது.

தெருப்புழுதியில் என்ன இருக்கிறது? பொடி மணல் இருக்கிறது. கட்டிட வேலை நடக்கும் இடத்தில் சிமெண்டுத் தூளும் இருக்கிறது. மணல், அந்தப் பூச்சைவிடக் கடினமானது. புழுதி படிந்த காரை ஈரத்துணியால் துடைத்தால் என்ன ஆகும்? துணிக்கும் காருக்கும் நடுவே மணல் மாட்டிக்கொள்ளும். துணி போகும் வழியெல்லாம் அது கீறிக்கொண்டே போகும்.

வெயிலில் நிற்கும் கறுப்புக் காரைப் பாருங்கள். சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். அவை ரோட்டில் விழுந்த கீறல்கள் அல்ல. பெரும்பாலும் துடைத்துத் துடைத்து விழுந்தவை!

அடுக்குமாடி வீடுகளில் காலையில் ஓர் ஆள் வந்து கார்களைத் துடைத்துவிட்டுப் போவது உண்டு. ஒரு வாளித் தண்ணீர், ஒரே துணி, பத்துக் கார். முதல் காரின் மணல் பத்தாவது கார் வரைக்கும் பயணம் போகிறது. இதில் அந்த ஆளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாதக் கூலிக்கு ஓடி ஓடித் துடைக்கிறார். ஒரு காருக்கு ஒரு வாளி என்று தண்ணீர் கொடுத்தால் அவரும் மாற்றித் துடைப்பார்.

நுரை என்ன செய்கிறது?

சோப்பு எப்படி அழுக்கை எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதுவும் புரிந்துவிடும். சோப்பின் அணுத்திரளுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய்ப் பசை பிடிக்கும். வால் அழுக்கைப் பிடித்துக்கொள்கிறது. தலை தண்ணீரோடு ஓடுகிறது. அழுக்கு பெயர்ந்து வருகிறது. சட்டை வெளுப்பதும் இப்படித்தான்.

ஆனால், சோப்புத் தண்ணீரைக் காரில் ஊற்றினால் உடனே வழிந்து தரைக்கு வந்துவிடும். வேலை செய்ய அதற்கு நேரம் இல்லை. நுரையாக அடித்தால் ஐந்து நிமிஷம் ஒட்டிக்கொண்டு நிற்கும். மெல்ல மெல்ல இறங்கும். இறங்கும்போது தளர்ந்த புழுதியையும் இழுத்துக்கொண்டு வரும். அதாவது, கை படுவதற்கு முன்பே பாதி மணல் கீழே இறங்கிவிடுகிறது. பனிநுரையின் பயன் இதுதான்.

இதை அடிக்க இரண்டு சாமான்கள் வேண்டும். ஒன்று "பிரஷர் வாஷர்" என்னும் அழுத்தப் பம்பு. மற்றொன்று நுரைத் துப்பாக்கி. துப்பாக்கியின் அடியில் ஒரு லிட்டர் அளவுள்ள புட்டி தொங்கும். அதில் சோப்புத் திரவமும் தண்ணீரும் கலந்து வைப்பார்கள். பம்பிலிருந்து வேகமாக வரும் தண்ணீர், புட்டியில் உள்ள திரவத்தை உறிஞ்சும். காற்றையும் உள்ளே இழுக்கும். துப்பாக்கிக்குள் சின்னக் கம்பி வலை ஒன்று இருக்கிறது. மூன்றும் அதன் வழியாகப் புகுந்து வெளியே வரும்போது நுரையாகிவிடும்.

இந்தப் பம்பு ஒரு காலத்தில் தொழிற்சாலைகளுக்கே உரியது. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஷர் கம்பெனி 1984-ம் ஆண்டு வீட்டு உபயோகத்துக்கு ஏற்ற சின்னப் பம்பை விற்க ஆரம்பித்தது. பிறகுதான் அது வீட்டு வாசலுக்கு வந்தது.

நுரை கெட்டியாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கெட்டி நுரை அசையாமல் நிற்கும். அதில் ஈரமும் குறைவு. படம் பிடிக்க அழகாக இருக்கும். அழுக்கை இழுத்து வராது. கொஞ்சம் தளர்ந்து வழியும் நுரையே வேலை செய்கிறது.

இன்னும் ஒன்று. நுரை எல்லா அழுக்கையும் எடுத்துவிடாது. நுரையைக் கழுவிய பிறகு, உலர்ந்த காரில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். மங்கலாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதைக் கையால் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். நுரை அடிப்பது கழுவுவதற்கு முந்திய கழுவல். அதோடு வேலை முடிந்துவிடாது!

தண்ணீர்க் கணக்கு

வீட்டுப் பம்பு நிமிஷத்துக்குச் சுமார் 6 லிட்டர் தண்ணீர் விடும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் புழுதி போக 2 நிமிஷம் அடித்தால் 12 லிட்டர். நுரை அடிக்க 2 நிமிஷம், இன்னொரு 12 லிட்டர். நுரையைக் கழுவ 3 நிமிஷம், 18 லிட்டர். பிறகு கையால் தேய்க்க இரண்டு வாளி, 20 லிட்டர். கடைசியாக அலச 3 நிமிஷம், 18 லிட்டர். கூட்டினால் 80 லிட்டர் வருகிறது.

தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால்? நிமிஷத்துக்கு 15 லிட்டர் போகும். கால் மணி நேரத்தில் 225 லிட்டர் ஓடிவிடும். அதோடு பார்த்தால் நுரைக் குளியல் சிக்கனம்தான்.

பழையபடி இரண்டு வாளித் தண்ணீரும் துணியும் என்றால்? 20 லிட்டர் போதும். அதோடு பார்த்தால் நுரைக் குளியல் ஊதாரி!

"பனிநுரை தண்ணீரை மிச்சப்படுத்தும்" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். எதைவிட மிச்சம் என்பதை அவர்கள் சொல்வது இல்லை. நுரை மிச்சப்படுத்துவது பூச்சை, தண்ணீரை அல்ல.

நகரத்தில் ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று மத்திய சர்க்கார் அளவு வகுத்திருக்கிறது. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் சேர்ந்து 135. அதில் பாதிக்கு மேல் ஒரு கார் குடித்துவிடுகிறது. வாரம் ஒரு முறை என்றால் வருஷத்துக்கு 4 ஆயிரம் லிட்டருக்கு மேல்.

பெங்களூரில் நடந்தது என்ன?

2023-ம் ஆண்டு கர்நாடகத்தில் மழை ஏமாற்றிவிட்டது. 2024-ம் ஆண்டு கோடை தொடங்குமுன்பே பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. நகரில் உள்ள 13 ஆயிரத்து 900 கிணறுகளில் 6 ஆயிரத்து 900 கிணறுகள் வற்றிவிட்டதாகத் துணை முதல்-மந்திரி டி.கே.சிவகுமார் கூறினார். சதாசிவ நகரில் உள்ள அவருடைய வீட்டுக் கிணறும் வற்றியதாம்!

காவிரித் தண்ணீர் இருக்கிறதே என்று கேட்கலாம். காவிரி பெங்களூர் வழியாக ஓடவில்லை. சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்து தண்ணீர் வருகிறது. பெங்களூர் இருப்பதோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில். ஆகவே, தண்ணீரைப் பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றவேண்டும். ஒரு முறை அல்ல, வழியில் மூன்று இடங்களில்! காரில் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் இப்படி மலை ஏறி வந்த தண்ணீர்.

லாரித் தண்ணீருக்கு விலை ஏறியது. 2024-ம் ஆண்டு மார்ச்சில் அதிகாரிகள் விலை நிர்ணயம் செய்தார்கள். 5 கிலோ மீட்டருக்குள் 6 ஆயிரம் லிட்டர் லாரிக்கு ரூ.600. லிட்டருக்கு 10 காசு.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். 10 காசு வீதம் பார்த்தால், காருக்கு நுரைக் குளியல் நடத்த ரூ.8 போதும். நுரைத் திரவத்தின் விலைகூட அதைவிட அதிகம். தண்ணீர் விலையைப் பார்த்துக் கார்க்காரர் எவரும் கையை இழுத்துக்கொள்ள மாட்டார். பக்கத்துத் தெருவில் குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கும் அதே தண்ணீர்தான். அவருக்கு அது சோறு வடிக்கும் தண்ணீர். விலை இந்தச் சண்டையைத் தீர்க்காது என்பதால்தான், குடிநீர் வாரியம் 1964-ம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்து அபராதம் போட்டது. ரூ.8 தண்ணீருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம். திரும்பவும் செய்தால், அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு ரூ.500.

ஆனால், உத்தரவை நன்றாகப் படித்தால் ஒன்று தெரியும். அது கார் கழுவக் கூடாது என்று சொல்லவில்லை. நுரையைப் பற்றிப் பேச்சே இல்லை. குடிதண்ணீரால் கழுவக் கூடாது என்றுதான் சொல்கிறது. சுத்திகரித்த கழிவுத் தண்ணீரால் தாராளமாகக் கழுவலாம்.

2024-ம் ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீர் கூடுதலாக வரும் திட்டம் அது. நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக வந்தது. அப்படியும் நான்கே மாதத்தில் கார் கழுவும் தடை திரும்பி வந்துவிட்டது.

மழை நாட்டிலும் தடை!

இந்த நுரைப் பழக்கம் நன்றாக வேரூன்றிய நாடு இங்கிலாந்து. அங்கே குளிர்காலத்தில் சாலை உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். உப்பும் சேறும் காரில் அப்பிக்கொள்ளும். ஆகவே, நுரை அடித்து ஊறவைத்துக் கழுவுவதற்கு அங்கே நியாயம் அதிகம்.

எப்போதும் மழை பெய்யும் நாடு என்று நாம் நினைக்கும் அந்த இங்கிலாந்திலும் 2025-ம் ஆண்டு தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. யார்க்ஷயர் பகுதியில் ஜூலை 11-ந் தேதி முதல் குழாய் மாட்டித் தண்ணீர் அடிக்கத் தடை போட்டார்கள். மீறினால் ஆயிரம் பவுன் வரை அபராதம். பிரஷர் வாஷரும் இந்தத் தடைக்குள் வந்தது. வாளியில் எடுத்துக் கழுவத் தடை இருக்கவில்லை. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் அதற்கும் தடை இருக்கவில்லை.

அதனால் நுரைப் பிரியர்கள் சும்மா இருந்துவிடுவார்களா? கையால் அமுக்கிக் காற்று ஏற்றும் சின்னத் தெளிப்பான் இருக்கிறது. செடிக்கு மருந்து அடிப்பது போன்றதுதான். முனை மட்டும் நுரைக்கு ஏற்றது. ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் பிடிக்கும். பம்பு வேண்டாம், கரண்டு வேண்டாம். நுரை அவ்வளவு அழகாக இராது. ஆனால் மணல் ஊறித் தளர்ந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரைச் சொம்பால் மேலிருந்து ஊற்றினால் இறங்கிவிடும். நமது ஊர்களுக்குத் துப்பாக்கியைவிட இதுவே பொருத்தம். மொத்தம் மூன்று வாளியில் முடிக்கலாம்.

நுரை போகும் இடம்

பெங்களூரில் மழைநீர்க் கால்வாய்கள் ஒரு ஏரியை மற்றொரு ஏரியோடு இணைக்கின்றன. வாசலில் வழியும் சோப்புத் தண்ணீர் சாலையோரக் கால்வாயில் இறங்கினால், போய்ச் சேரும் இடம் ஏரி.

அங்கே பெல்லந்தூர் ஏரி இருக்கிறது. பல ஆண்டுகளாக அந்த ஏரியில் நுரை மலை போலப் பொங்கியது. காற்றில் பறந்து சாலையில் போகிறவர்கள் மேல் விழுந்தது. 2017-ம் ஆண்டு பிப்ரவரியில் ஏரியில் தீயே பிடித்தது! தண்ணீரில் தீ என்ற அதிசயத்தை உலகமே பார்த்தது.

அந்த நுரைக்குக் கார் கழுவுபவர்கள் காரணம் என்று சொல்வது அநியாயம். சுத்திகரிக்காத சாக்கடையும், வீடுகளில் துணி துவைக்கும் சோப்புத் தூளும் சேர்ந்து செய்த வேலை அது. அதன் பக்கத்தில் காரின் நுரை கடுகு அளவு. ஆனால், சட்டை துவைத்த தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகவாவது வழி இருக்கிறது. வாசலில் கார் கழுவிய தண்ணீருக்கு அந்த வழியும் இல்லை, நேராகக் கால்வாய்தான். காரில் ஒட்டிய எண்ணெயும், பிரேக் தேய்ந்த தூளும் அதோடு கூடவே போகும்.

மண் தரையில் நிறுத்திக் கழுவினால் தண்ணீர் மண்ணில் இறங்கும், கால்வாய்க்கு ஓடாது. கார் கழுவும் நிலையத்தில் எண்ணெயைப் பிரிக்கும் தொட்டியும், தண்ணீரைத் திரும்ப உபயோகிக்கும் ஏற்பாடும் இருந்தால் அங்கே விடுவது இன்னும் மேல். இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விடவேண்டும். எல்லா நிலையத்திலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

நுரை அடித்தே தீருவேன் என்பவர்கள், வெயில் ஏறும் முன்பே அடிக்கவேண்டும். கார் சுட்டுக்கொண்டு இருந்தால் நுரை காய்ந்து கறை பிடிக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஊற்றக் கூடாது. அது காரில் போட்ட மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். சுத்திகரித்த தண்ணீரில் கழுவுகிறவர்கள், கடைசியில் காரைத் தானாக உலர விடக் கூடாது. அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம். சொட்டுக் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு விழும். சுத்தமான துணியால் உடனே ஒற்றி எடுத்துவிடவேண்டும்.