க்ளே பாரும் "ஒண்ணும் ஆகாது சார்" வைத்தியமும்

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் வேங்கிக்காலில் வாசலில் நிற்கிற வண்டிகளெல்லாம் ஒரே நிறம்தான், புழுதி நிறம். பையனின் கருப்புக் காரை வாட்டர் வாஷுக்கு எடுத்துப் போனேன். "க்ளே பார் போட்டுடலாம் சார், கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றார் கடைக்காரர். சரி என்றேன். தப்பில் பாதி என்னுடையது.

வேலை செய்த தம்பி பேருக்குக் கொஞ்சம் தண்ணீர் அடித்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். கட்டி நழுவித் தரையில் விழுந்தது. எடுத்துப் பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடியும் பானெட்டில் தேய்த்தான். "தம்பி, அதுல மண்ணு ஒட்டியிருக்கே" என்றேன். "ஒண்ணும் ஆகாது சார்!"

மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். உப்புத்தாளுக்கு பிரெஞ்சில் 'பப்பியே த வேர்', அதாவது கண்ணாடித் தாள் என்று பெயர். கடைக்காரர் சொன்ன கண்ணாடி இதுதான் போலிருக்கிறது!

க்ளே என்ற பெயரைப் பார்த்துக் குளத்து மண் என்று நினைக்க வேண்டாம். இழுபடுகிற செயற்கைப் பசையில் மிக நுண்ணிய அரைப்புத் தூள் கலந்தது. ஷாம்புக்கு அசையாமல் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்ட பிரேக் இரும்புத் தூள், தார், மரப்பிசின் இவற்றைப் பிடுங்கத்தான் அது. கீறலைப் போக்காது. பளபளப்புக்கு பாலிஷும் வாக்ஸும் வேறே இருக்கின்றன. பெயின்ட்டின் மேலே இருக்கிற க்ளியர் கோட் சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியைவிட மெல்லிசு. 34 வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது புரியும். ரிஜிஸ்டரில் மை ரப்பரை அழுத்தித் தேய்த்தால் எழுத்தோடு காகிதமும் போகும்.

முறை இதுதான். முதலில் ஷாம்பு போட்டு மண் போகக் கழுவ வேண்டும். நிழலில், சூடு ஆறிய வண்டியில்தான் வேலை. அதற்கென்று விற்கிற ஸ்பிரேயையோ ஷாம்புத் தண்ணீரையோ தாராளமாக அடித்து, இரண்டடிக்கு இரண்டடி இடமாக, அழுத்தாமல், நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். கட்டி அழுக்கானால் மடித்துப் பிசைந்து புது முகம் எடுக்க வேண்டும். கீழே விழுந்தால் குப்பைக்கு, விவாதமே இல்லை. முடிந்ததும் வாக்ஸ் போட வேண்டும்.

ஒவ்வொரு வாஷுக்கும் க்ளே போடச் சொல்வது வியாபாரம். கழுவிய வண்டி மேல், மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் மட்டும் க்ளே. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தேவைப்படாது.

அந்தத் தம்பியை நான் திட்டவில்லை. கட்டியைத் தூக்கிப் போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்திருக்கலாம். சொல்லித் தராமல் காசு மட்டும் வாங்குகிற முதலாளி மேல்தான் எனக்குக் கோபம். பத்து வருஷப் பெயின்ட்டை பத்து நிமிஷத்தில் தேய்த்துவிட்டு "ஒண்ணும் ஆகாது" என்றால், ஆனது யார் கணக்கில்?

இனிமேல் சாவியைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கட்டி கீழே விழுந்தா என்ன செய்வீங்க?" தூக்கிப் போட்டுடுவோம் என்றால் கொடுங்கள். இல்லையென்றால் வெறும் தண்ணீர் அடித்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள். புழுதி போய்விடும், கீறல் போகாது.