எங்கட புட்டு வடிவில்லையாம்

"எங்கட சாப்பாடு படத்துக்குச் சரிவராது." இதைச் சொல்லாத கொழும்புத் தமிழ்ப் பிள்ளை யாராவது இருக்கிறீங்களா? ஒடியல் கூழ் சேறு மாதிரியாம். கணவாய்க் கறி கறுப்பாம். குரக்கன் புட்டு மண் மாதிரியாம். அதனால் இன்ஸ்டகிராமில் போட முன்னர் ஒரு ஒப்பனை நடக்கும். எவர்சில்வர் கோப்பை ஒளியும், வெள்ளைப் பீங்கான் வரும், மேசையில் மரப்பலகை மாதிரி ஸ்டிக்கர் ஏறும். கடைசியாகப் புட்டுக்கு மேல் ஒரு கொத்தமல்லி இலை! எந்த வீட்டில் ஐயா புட்டுக்குக் கொத்தமல்லி இலை தூவிச் சாப்பிடுகிறார்கள்?

நாங்களும் செய்தோம். அம்மா இடியப்பத்தை இறக்கி வைத்து, "ஆறப்போகுது, வந்து சாப்பிடுங்கோ" என்று கூப்பிடக் கூப்பிட, இருபது நிமிடம் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு நின்றோம். படம் சரிவரேல்லை. பழியைச் சொதியில் போட்டோம்.

சொதி என்ன செய்யும்? தலைக்கு மேல் எரிகிற டியூப்லைட் குழம்புக்கு ஒரு பச்சைச் சாயல் பூசும். குனிந்து எடுத்தால் எங்கட நிழலே கோப்பையில் விழும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் இது எங்களுக்கு விளங்கியது. வேறு வழியில்லாமல் யன்னலடியில் வைத்து எடுத்த ஒரு பிளேன்டீ, அதுவரை எடுத்த எல்லாவற்றையும் விட வடிவாக வந்தது. பின்பக்கத்து வெளிச்சத்தில் ஆவி தெரிந்தது, தேத்தண்ணியின் சிவப்புத் தெரிந்தது.

பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலைகள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க அறைகளில் பின்னேர வெயில் அடித்துக்கொண்டு வரும்; யன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் அது மெதுவாகும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கின வீடுகளில் வெளிச்சம் வாசலால்தான் வரும். கதிரையை வாசலடிக்கு இழுத்துக் கோப்பையை அதில் வையுங்கோ. மற்றப் பக்கம் ஒரு ரெஜிபோம் துண்டு நிமிர்த்தி வைத்தால் நிழல் இளகும். பக்கவாட்டு வெளிச்சத்தில் புட்டின் ஒவ்வொரு மணியும் தெரியும். வெள்ளைப் புட்டு சாம்பல் நிறமாக வருகிறதா? போன் கமரா வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று நினைத்துக் குறைத்துவிடும். திரையில் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கோ.

கருவிக்கும் பக்கச்சார்பு உண்டு. கொடாக் கம்பனியின் கலர்ப் படங்களில் நிறம் சரிபார்க்கப் பல காலம் பயன்பட்டது, வெள்ளைக்காரப் பெண்ணின் படம் உள்ள 'ஷேர்லி' அட்டை. கறுப்புத் தோலும் மண்ணிறங்களும் அதில் அடிபட்டுப் போயின. சொக்லேட் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் முறையிட்டதும் அந்த ஃபிலிம் திருந்த ஒரு காரணம். சொக்லேட் விற்கிறவர் தன் பொருளின் நிறத்தைப் பார்த்து வெட்கப்படவில்லை, கருவியைத் திருத்தச் சொன்னார். நாங்கள் ஏன் கூழுக்காக வெட்கப்படுகிறோம்?

"வடிவாகக் காட்டுவது குற்றமா?" என்று கேட்பீங்கள். இல்லை. கோப்பை விளிம்பில் சிந்தின குழம்பைத் துடையுங்கோ, சம்பலை ஒரு பக்கமாகக் குவியுங்கோ. விருந்தாளி வந்தாலும் அதைத்தானே செய்வோம். ஆனால் வீட்டில் சாப்பிடாத ஒன்றை மேலே வைப்பது, சாப்பிடுவதை மறைக்கிற வேலை.

இது லைக் கணக்கும் இல்லை. வீட்டில் சமைத்து வாட்ஸ்அப்பில் சோத்துப் பார்சலும் பலகாரமும் விற்கிற அக்காமார் எங்கட ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். "படம் வடிவில்லை" என்ற பேச்சு அவர்களுடைய ஓடரில்தான் விழும். அவர்களுக்குப் புதுப் பீங்கான் வாங்கச் சொல்லாமல், யன்னலைக் காட்டிக் கொடுங்கோ. படத்துக்குக் கீழே சமைத்தவரின் பெயரையும் அவரைக் கேட்டுப் போடுங்கோ.

டியூப்லைட்டை நிப்பாட்டுங்கோ. யன்னலைத் திறவுங்கோ. இரண்டே நிமிடத்தில் எடுத்து முடியுங்கோ. ஆறின கூழை ஒருத்தரும் குடிக்க மாட்டினம்.